போனை அணைத்தால் கவனம் வந்துவிடுமா?

ஜூன் 8 – கேள்வி, மோல்மேனிலிருந்து ஒரு தம்பி

"அண்ணே, எல்.சி.சி.ஐ. கணக்கியல் பரீட்சை மூன்றாம் நிலைக்குப் படிக்கிறேன். கணக்குப் போட உட்கார்ந்தால் பாதியிலேயே கை போனுக்குப் போய்விடுகிறது. எல்லாரும் 'போனை அணைத்துப் பெட்டியில் வை, கவனம் தானாக வரும்' என்கிறார்கள். உண்மையா?"

ஜூன் 8, இரவு

பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் பேசுவதில்லை, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

போன் இல்லாத காலத்தை நான் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. 2014க்கு முன்னால் பர்மாவில் ஒரு சிம் வாங்க நூற்றுக்கணக்கான டாலர் கொடுக்க வேண்டும். அந்த ஆண்டு வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து வெறும் 1500 கியாட்டுக்கு விற்ற பிறகுதான் நம் மாதிரி ஆட்கள் கையில் போன் வந்தது. அதற்கு முன்னால் நாங்கள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி வேலை பார்த்தோமா என்ன? டீக்கடை முக்காலியில் உட்கார்ந்து, யார் போகிறார், யார் வருகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். படிக்கிற வயதில் நான் பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ரேடியோவில் பந்தாட்டம் கேட்டே இராத்திரிகளை ஓட்டியவன்.

அப்புறம் 2021, ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம். பெப்ரவரி நடுவிலிருந்து இரவு 1 மணி முதல் காலை 9 மணி வரை இணையம் கிடையாது. மார்ச் நடுவில் போனில் டேட்டாவே நின்றுபோனது. என் வீட்டில் வேறு இணைப்பும் இல்லை. உன் நண்பர்கள் சொல்கிற கணக்குப்படி நான் அந்த மாதங்களில் பெரிய படிப்பாளியாகி இருக்க வேண்டும். அலமாரியில் புத்தகம் நிறைய இருந்தது. ஒன்றையும் முடிக்கவில்லை. இரண்டு பக்கம் படிப்பேன், ஜன்னலுக்குப் போவேன். கீழே நாலு பேர் கூடி நின்றால் என்ன விஷயம் என்று காதைக் கொடுப்பேன். திரும்பி வந்து, எதுவும் வராது என்று தெரிந்தே போனை எடுத்துப் பார்ப்பேன்.

அணைக்கப்பட்டது போன். நான் அணையவில்லை.

ஜூன் 9

"அது பயத்தால் வந்த நிலை, அதை வைத்துப் பொதுவாகப் பேசக் கூடாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம்தான். பயம் கலக்காத உதாரணம் ஒன்று தருகிறேன். கரண்டு.

ரங்கூனில் கரண்டு போவதில் இரண்டு வகை உண்டு. ஒன்று முறை வைத்துப் போவது: இத்தனை மணிக்குப் போகும், நான்கு மணி நேரம் கழித்து வரும். இன்னொன்று அட்டவணையை மதிக்காமல் போவது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டிலும் இருட்டு ஒன்றுதான், வேர்வை ஒன்றுதான். ஆனால் முதல் வகையில் நான் பேட்டரி விளக்கை வைத்துக்கொண்டு ஒரு வாரத்துப் பேரேட்டை முடித்துவிடுவேன். இரண்டாவது வகையில் ஒரு பக்கம் கூட்ட முடியாது.

ஏன் என்றால் காது வேறு எங்கோ இருக்கும். கரண்டு வந்த கணத்தில் தெருவுக்குத் தெரு பிள்ளைகள் "மீ லாபீ!" என்று கத்துவார்கள். ரங்கூனில் வளர்ந்தவனுக்கு அந்தச் சத்தம் எலும்பில் ஊறியது. சத்தம் கேட்டதும் ஓட வேண்டும்: தண்ணீர் மோட்டாரைப் போட வேண்டும், அரிசிக் குக்கரைப் போட வேண்டும், பேட்டரியைச் சார்ஜில் போட வேண்டும். மேல் தொட்டி நிறையும் முன் மறுபடி போய்விட்டால் அன்றைக்குக் குளியல் இல்லை. அதனால் கணக்கைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே ஒரு பாதி அந்தச் சத்தத்துக்காகக் காத்துக் கிடக்கிறது. சத்தம் வந்தால் தொந்தரவு, சரி. வராதபோதும் அதே தொந்தரவுதான்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான், தம்பி. கவனத்தைத் தின்பது வருகிற செய்தி அல்ல, எப்போது வரும் என்று தெரியாத செய்திக்காகக் காத்திருப்பது. போனை அணைத்தாலும் அந்தக் காத்திருப்பு அணைவதில்லை.

ஜூன் 9, கொஞ்ச நேரம் கழித்து

"அப்போ போன் மேல் குற்றமே இல்லையா?" என்று கேட்கிறவருக்கு: ஏன் இல்லை? கரண்டு ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை போய் வருகிறது. போன் அதே வித்தையை நிமிடத்துக்கு ஒரு தடவை காட்டுகிறது. ஸ்கின்னர் என்ற அமெரிக்கர் புறாக்களை வைத்து இதைக் காட்டினார். கொத்தினால் ஒவ்வொரு தடவையும் தானியம் வருகிற புறா, வயிறு நிறைந்ததும் போய்விடும். எந்தக் கொத்துக்குத் தானியம் வரும் என்று தெரியாத புறாதான் ஓயாமல் கொத்திக்கொண்டே இருக்கும்.

ஜூன் 11

ஆராய்ச்சி ஏதாவது உண்டா என்று தம்பி கேட்டான். இரண்டு சொல்கிறேன்.

2017ல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் வார்டு என்பவரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை மூன்று கூட்டமாகப் பிரித்து, போனை மேசையில் கவிழ்த்து வைக்கச் சொன்னார்கள், பையில் வைக்கச் சொன்னார்கள், வேறு அறையில் விட்டுவரச் சொன்னார்கள். எல்லாருக்கும் போன் சத்தமில்லாமல்தான் இருந்தது. வேறு அறையில் விட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள், மேசையில் வைத்தவர்கள் பின்தங்கினார்கள். போனைப் பற்றி நினைத்தீர்களா என்று கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றே சொன்னார்களாம். பின்னால் வந்தவர்கள் இதைத் திரும்பச் செய்து பார்த்தபோது எல்லாருக்கும் அதே விடை வரவில்லை. அதனால் இதை வேதவாக்காக எடுக்காதே.

இன்னொன்று குளோரியா மார்க் என்ற பெண்மணி வருடக்கணக்காக அலுவலக ஆட்களின் பக்கத்தில் இருந்து பார்த்தது. 2004ல் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் தங்கினார்கள். 2012ல் 75 விநாடி. பிறகு 47 விநாடி அளவுக்கு வந்துவிட்டது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு: வெளியிலிருந்து வந்த குறுக்கீடு ஒரு பங்கு என்றால், கிட்டத்தட்ட அதே பங்கு ஆட்கள் தாங்களே தங்களைக் குறுக்கிட்டுக்கொண்டது. யாரும் கூப்பிடவில்லை, மணி அடிக்கவில்லை, இவனாக எழுந்து போய்ப் பார்க்கிறான்.

ஜன்னலுக்குப் போன என்னைத்தான் சொல்கிறார்கள்.

ஜூன் 14

மழை. பயின்னவுங் சந்தைப் பக்கம் லாரி எதுவும் நகரவில்லை, அதனால் கொஞ்சம் நீளமாக எழுத நேரம் கிடைத்தது.

என் பிழைப்பைச் சொன்னால்தான் இது புரியும். பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். உளுந்தும் துவரையும் எங்கள் சரக்கு. உளுந்தை இந்த ஊர்க்காரர்கள் அதிகம் தின்பதில்லை. விளைவது பெரும்பாலும் இந்தியாவுக்குத்தான் கப்பலேறும், சென்னையில் தோசையாகும். எஃப்.ஏ.க்யூ. என்றும் எஸ்.க்யூ. என்றும் இரண்டு தரம். டன்னுக்கு இவ்வளவு டாலர் என்று விலை. அந்த விலை காலையில் ஒன்று, டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்று. தில்லியிலிருந்து இறக்குமதி பற்றி ஒரு அறிவிப்பு வந்தால் போச்சு, வைபர் குழுக்கள் எல்லாம் பற்றி எரியும். இந்த வேலையில் இருக்கிறவனிடம் போய் "போனைப் பெட்டியில் வை" என்றால் முதலாளி என்னைப் பெட்டியில் வைப்பார்.

ஆனால் அதே கையால் பேரேடும் எழுத வேண்டும். மூட்டைக் கணக்கு, வீசைக் கணக்கு, டாலர், கியாட் எல்லாம். ஒரு சைபர் தவறினால் யாருடைய சம்பளத்திலோ கை வைக்கும்.

இதற்கு வழி கிடைத்தது பழைய ஒரு சோதனையைப் படித்ததால். இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேய விமானப் படைக்கு ஒரு குழப்பம் இருந்தது. ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தவறவிட்டார்கள். கெட்டிக்காரப் பையன்கள், கண் நல்ல கண். நார்மன் மாக்வொர்த் என்பவர் ஒரு கடிகாரம் மாதிரி செய்தார். முள் ஒவ்வொரு விநாடியும் ஒரு படி நகரும், எப்போதாவது இரண்டு படி குதிக்கும். குதித்தால் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் அதையே பார்க்க வேண்டும். முதல் அரை மணியிலேயே தவறவிடுவது கூடிவிட்டது. 1948ல் இதை வெளியிட்டார். அரை மணிக்கு ஒருதடவை ஆளை மாற்றினால் கூர்மை குறையவில்லை என்பதும் அதில் உண்டு.

பார்த்தாயா? எதுவும் நடக்காமலிருக்கும்போது எதற்காகவோ காத்திருப்பதே ஒரு வேலை. சும்மா இருப்பதாகத் தோன்றும், உள்ளே ஆள் களைத்துப்போவான். நம்மில் பலர் காலையிலிருந்து இராத்திரிவரை ராடார் பையனாக உட்கார்ந்துவிட்டு, மிச்சம் இருப்பதை வைத்துப் படிக்கப் பார்க்கிறோம்.

கடையில் இப்போது முறை வைத்துவிட்டோம். என் போனும் என்னோடு வேலை பார்க்கிற சின்னவன் போனும் ஒருவர் முன்னால் இருக்கும். அரை மணி அவன் பார்ப்பான், நான் எழுதுவேன். அடுத்த அரை மணி நான் பார்ப்பேன், அவன் மூட்டை எண்ணுவான். விலை நகர்ந்தால் தோளைத் தட்ட வேண்டும், வேறு எதற்கும் தட்டக் கூடாது. ஆரம்பத்தில் அவன் பந்தாட்ட முடிவுக்கெல்லாம் தட்டினான். பேசித் தீர்த்தோம். போன் அணைக்கப்படவே இல்லை, என் மேசைக்குக் கை நீட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த அரை மணியில் அதை நான் பார்க்க வேண்டியதில்லை, அதைப் பார்க்க ஆள் இருக்கிறது. எழுத்து ஓடுகிறது.

விமானிகளுக்கும் இப்படி ஒரு சட்டம் உண்டு. 1981ல் அமெரிக்காவில் போட்டார்கள்: 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது ஓட்டுகிற அறையில் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சு கூடாது. எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தெளிவாக இருக்கிறது. மேலே போனபின் ஊர்க்கதை பேசிக்கொள்ளலாம்.

ஜூன் 15

"வீட்டில் தனியாகப் படிக்கிறவன் தோள் தட்ட ஆளுக்கு எங்கே போவான்?" தம்பியின் கேள்வி. அம்மா இல்லையா, தங்கை இல்லையா? இரண்டு மணி நேரம் போனை அவர்கள் கையில் கொடு. "இன்னார் கூப்பிட்டால் மட்டும் சொல்லு" என்று சொல்லு. தங்கை உன் செய்தியை எல்லாம் படித்துவிடுவாள் என்றால் அது வேறு பிரச்சினை, அதற்கு என்னிடம் மருந்தில்லை.

ஜூன் 16

டீக்கடையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதிலிருந்து ஒன்று ஞாபகம் வந்தது.

நம் ஊர் டீக்கடைப் பையனை உதட்டைக் குவித்து முத்தச் சத்தம் போட்டுத்தான் கூப்பிடுகிறோம். பத்து மேசையிலிருந்து பத்துச் சத்தம். எந்த உதடு எந்த மேசை என்று அவனுக்குத் தெரியும். பால் அதிகம் ஒன்று, சாயம் கடுப்பாக ஒன்று, சமோசா, ஈ ச்சா க்வே எல்லாம் மண்டையில். தாளில் ஒன்றும் எழுதுவதில்லை. காசு வாங்கியபின் அதே மேசையில் என்ன கொடுத்தாய் என்று கேள், விழிப்பான்.

1920களில் பெர்லினில் ஒரு பேராசிரியர் இதையே ஓர் உணவுக்கடைப் பணியாளரிடம் கவனித்தாராம். அவருடைய மாணவி புளூமா ஜைகார்னிக் சோதனை செய்து 1927ல் எழுதினார்: முடியாத வேலை நினைவில் ஒட்டிக்கொண்டிருக்கும், முடிந்தது உதிர்ந்துவிடும். பின்னால் சோதித்தவர்களுக்கு எப்போதும் அப்படி வரவில்லை, ஆனால் பரீட்சைக்குப் படிக்கிற எவனுக்கும் இது தன் கதையாகத்தான் தோன்றும். கரண்டு பில் கட்டவில்லை, மாமாவுக்குப் பதில் போடவில்லை, ஐந்தொகை எழுதும்போது இவை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இதற்கு 2011ல் இரண்டு பேர் ஒரு நல்ல விஷயம் கண்டார்கள். அந்த வேலையை முடிக்க வேண்டியதில்லை. எப்போது, எங்கே, எப்படிச் செய்வேன் என்று ஒரு திட்டம் போட்டாலே போதும், மனம் அதை விட்டுவிடுகிறது. நான் பேரேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சரக்குச் சீட்டுக் கட்டு வைத்திருக்கிறேன். ஏதாவது வந்து மண்டையைத் தட்டினால் "மாமா, இரவு சாப்பாட்டுக்குப் பின்" என்று அதன் பின்பக்கம் எழுதுவேன். "மாமா" என்று மட்டும் எழுதினால் வேலை செய்வதில்லை. நேரம் போட்டாக வேண்டும்.

ஜூன் 22

தட்டோனிலிருந்து ஓர் அக்கா எழுதியிருப்பதை எல்லாரும் படியுங்கள். சுருக்கமாக: அவருடைய அம்மாவும் தம்பியும் மாண்டலேயில். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தன்று அவர் போன் பையில் இருந்தது, சத்தமில்லாமல். எடுத்துப் பார்த்தபோது யாருக்கும் லைன் கிடைக்கவில்லை. மறுநாள்தான் உயிரோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தது. "அதற்குப் பிறகு போனைக் கையை விட்டு வைக்க முடியவில்லை. உங்கள் அரை மணிக் கணக்கெல்லாம் எனக்கு உதவாது" என்கிறார்.

அக்கா, உங்களுக்கு என்ன சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

கவனத்தைப் பற்றி வருகிற அறிவுரைகளில் பெரும்பாலானவை, போன் அடிக்காவிட்டால் எதுவும் ஆகாத வீட்டுக்காரர்கள் எழுதியவை. அவர்களுக்கு அது பொழுதுபோக்கு, அதனால் பெட்டியில் பூட்டலாம். நம் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பிள்ளை மலேசியாவில், அண்ணன் தாய்லாந்தில், பெற்றவர்கள் வேறு ஊரில். உங்கள் காத்திருப்பு காரணத்தோடு வந்தது. அதை வியாதி என்று சொல்கிற தகுதி யாருக்கும் இல்லை.

ஆனாலும் நான் ஒன்பதாம் தேதி சொன்னதை உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு வழி தெரிகிறது. உங்களுக்கு வேண்டியது இரண்டு எண்கள். போனில் அந்த இரண்டுக்கு மட்டும் தனி மணி வைத்து, எவ்வளவு சத்தம் வேண்டுமோ அவ்வளவு வையுங்கள். மற்றதெல்லாம் ஊமை. அப்புறம் அம்மாவிடம் ஒரு நேரம் பேசிவைத்துக்கொள்ளுங்கள், காலையில் ஒரு வார்த்தை, இரவு ஒரு வார்த்தை. நலம் என்ற செய்தி நேரத்துக்கு வந்துவிட்டால் நடுவில் இருக்கிற மணிகள் கொஞ்சம் இளகும். முழுக்க இளகாது. எனக்கும் இளகாது.

ஜூன் 23

தம்பி, மேலே அக்காவுக்கு எழுதியதற்கு நீ சிரிக்கிற பொம்மை போட்டிருக்கிறாய். எடு அதை.

ஜூன் 29

"இந்த நாட்டில் இருந்துகொண்டு தியானத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே" என்று கேட்டவருக்கு. எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன், காரணம் அதைப் பற்றி எழுதினால் எல்லாரும் ஞானி குரலில் பேசத் தொடங்குவார்கள்.

எனக்குப் பிடித்த ஆள் ஊ பா கின். 1899ல் ரங்கூனில் பிறந்தவர். 1948ல் நாடு சுதந்திரம் அடைந்தபோது தலைமைக் கணக்காளர். நம் தொழில்! ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட துறைகளைத் தலையில் போட்டுக்கொண்டு, அலுவலகத்திலேயே கீழே வேலை பார்த்தவர்களுக்கு விபாசனா சொல்லிக்கொடுத்தார். 1952ல் ரங்கூனில் தியான நிலையமும் தொடங்கினார். அவரிடம் கற்றவர்தான் கோயங்கா, மாண்டலேயில் பிறந்த வட இந்தியக் குடும்பத்து வியாபாரி. தீராத தலைவலிக்கு வழி தேடிப் போய்ச் சேர்ந்தவர். 1969ல் இந்தியாவுக்குப் போய் அங்கே பரப்பினார். கணக்கரும் வியாபாரியும்! கவனம் வேண்டுமென்றால் காட்டுக்குப் போ என்கிறவர்களுக்கு இந்த இரண்டு பேரைக் காட்டுவேன்.

பத்து நாள் வகுப்புக்கு நானும் போனேன், ஷ்வேடகோன் பகோடா பக்கத்தில் இருக்கிற நிலையத்துக்கு. காலை நான்கு மணிக்கு மணி. பேச்சு இல்லை, படிப்பு இல்லை, எழுத்து இல்லை. போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். முதல் மூன்று நாள் மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதை மட்டும் பார்க்க வேண்டும். என் மூக்கில் உளுந்து விலை வந்து போனது. எஃப்.ஏ.க்யூ. ஏறியிருக்குமா, சின்னவன் சிட்டையைச் சரியாக எழுதியிருப்பானா. பிறகு மெல்ல மெல்ல அது ஓய்ந்தது. எனக்குத் தோன்றிய காரணம்: பத்தாம் நாள்வரை எந்தச் செய்தியும் வர வழியில்லை என்பது உடம்புக்கே புரிந்துவிடுகிறது. காத்திருப்பதற்கு ஒன்றுமில்லை. தியானத்தில் தேர்ந்தவர்கள் இந்த விளக்கத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அடித்துக்கொள்ளட்டும்.

வெளியே வந்த அன்றே என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். போனைத் திருப்பிக் கொடுத்ததும் வாசலில் ஒரு கூட்டம், எல்லாரும் தலையைக் குனிந்தபடி. பத்து நாள் மூச்சைப் பார்த்த கண்கள். நானும் அதில் ஒருவன்.

தினசரிக்கு எனக்கு உதவியது மகாசி சயாடோ என்ற பிக்குவின் வழி. 1949ல் பிரதமர் ஊ நு காலத்தில் ரங்கூனுக்கு அழைத்து வரப்பட்டவர். வயிறு எழுகிறது, தாழ்கிறது என்று குறித்துக்கொண்டே வருவது. நடுவில் சத்தம் வந்தால் சண்டை போடக் கூடாது. "கேட்கிறது, கேட்கிறது" என்று குறித்துவிட்டு வயிற்றுக்குத் திரும்ப வேண்டும். எங்கள் தெரு முனையில் பகோடாவுக்கு நன்கொடை கேட்டு ஒலிபெருக்கி வைக்கிறார்கள், காலையில் தொடங்கினால் மதியம்வரை. முன்பெல்லாம் அந்தக் குரல்மீது கோபப்பட்டே ஒரு மணி நேரம் போகும். இப்போது "கேட்கிறது" என்று போட்டுவிட்டு வரவுப் பக்கத்துக்குத் திரும்புகிறேன். சில நாள் "எரிச்சல், எரிச்சல்" என்றும் போட வேண்டியிருக்கிறது.

ஜூலை 3

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு என்கிற தக்காளிக் கடிகார முறை பற்றிக் கேட்டார்கள். 1980களின் கடைசியில் சிரிலோ என்ற இத்தாலிய மாணவர் சமையலறைக் கடிகாரத்தை வைத்துத் தொடங்கியது. நல்லது. வேலை செய்வதற்குக் காரணம் 25 என்ற எண் அல்ல, முடிவு எப்போது என்று தெரிவது. ஆனால் கடிகாரத்தைப் போனில் வைத்தால் திருடனிடம் சாவி கொடுத்தது போல. சந்தையில் முள் கடிகாரம் கிடைக்கிறது, வாங்கு.

வாசோ, பௌத்தர்களின் மழைக்கால நோன்பு, நெருங்குகிறது. மூன்று மாதத்துக்குக் கறியை விடுவார்கள், தண்ணியடிப்பதை விடுவார்கள். பேஸ்புக்கை விடுகிறேன் என்று நேர்ந்துகொண்டவர் யாரையும் இன்னும் பார்க்கவில்லை. சொல்லப்போனால் அது தடையில்தான் இருக்கிறது, வி.பி.என். போட்டுத்தான் பார்க்கிறார்கள். அவ்வளவு சிரமப்பட்டுக் கவனத்தைச் சிதற விடுகிற மக்கள் நாம்.

ஜூலை 13

தட்டோன் அக்கா மறுபடி எழுதியிருக்கிறார். இரண்டு எண்ணுக்குத் தனி மணி வைத்துவிட்டாராம், அம்மாவுக்குச் சேவல் கூவும் சத்தம். இப்போது கேள்வி வேறு: கோயிலில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நடத்துகிறார், பிள்ளைகள் போனைப் பிடுங்கி வைக்கலாமா?

எங்கள் கோயில் வகுப்பில் செய்வதைச் சொல்கிறேன். ஒரு பெரிய முறுக்கு டின். எல்லார் போனும் அதற்குள். முதல் வாரம் ஓர் அப்பா சண்டைக்கு வந்தார், "என் பெண்ணை அவசரத்துக்கு எப்படிக் கூப்பிடுவேன்?" என்று. அவர் கேட்டது சரி. அதனால் கோயில் அலுவலக எண்ணை எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். தாத்தா ஒருவர் வகுப்பு முடியும்வரை அந்தப் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், வந்தால் எழுந்து வந்து பிள்ளையின் பெயரைச் சொல்வார். ஆசிரியருடைய போனும் டின்னுக்குள் போக வேண்டும் என்பது பிள்ளைகள் போட்ட நிபந்தனை. அதையும் ஒத்துக்கொள்ளுங்கள் அக்கா, இல்லாவிட்டால் ஒருத்தரும் போட மாட்டார்கள்.